கையால் செய்யும் பேட்ச் கிளாம்ப்பைக் கைவிடாதீர்கள்

அயனிக் கால்வாய்களை ஆராயும் கூடங்களை நடத்தும் பேராசிரியர்களுக்கும், மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுத் தலைவர்களுக்கும், கருவி வாங்க நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

ஒரு தகட்டில் 384 குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு செல், எல்லாவற்றின் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கருவி. அயனிக் கால்வாய் ஆராய்ச்சியில் இருக்கும் எவருக்கும் இதன்மேல் ஆசை வருவது இயல்பு. அதை வாங்க நீங்கள் எழுதும் விண்ணப்பங்களையோ தரும் ஒப்புதல்களையோ எதிர்த்து இந்த மடலை எழுதவில்லை. அந்தக் கருவி வந்திறங்கும் நாளில் எந்த மேசை காலியாகிறது என்பதுதான் என் கவலை. அதிர்வைத் தாங்கும் மேசை, அதன்மேல் நுண்ணோக்கி, பக்கத்தில் பிப்பெட்டை மைக்ரான் கணக்கில் நகர்த்தும் மேனிபுலேட்டர், சுற்றிலும் மின் இரைச்சலைத் தடுக்கும் கம்பிக் கூண்டு என்று அறையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய ரிக், ‘இனி இதில் யார் உட்காரப்போகிறார்கள்’ என்ற ஒரே கேள்வியில் கிடங்குக்குப் போய்விடுகிறது. அதை இயக்கத் தெரிந்த கடைசி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, ரிக்கைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாலும் பயனில்லை. அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். தானியங்கிக் கருவி தரும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று சொல்லும் கண், கையால் பேட்ச் கிளாம்ப் செய்துதான், அதாவது கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லின் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளந்துதான், தேர்ச்சி பெறுகிறது. அந்தக் கண் இல்லாத கூடத்தில் கருவி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் எண்களுக்கு ஜாமீன் சொல்ல ஆள் இருக்காது.

1976-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் தவளைத் தசை இழையின்மேல் கண்ணாடிப் பிப்பெட்டை அழுத்தி, ஒற்றைக் கால்வாய் திறந்து மூடுவதை முதன்முதலாகப் பதிவு செய்தபோது, கண்ணாடிக்கும் சவ்வுக்கும் இடையே இருந்த சீலின் மின்தடை சில பத்து மெகா ஓம்தான். அப்போதுதான் இழுத்த சுத்தமான பிப்பெட்டும் மெல்லிய உறிஞ்சலும் சேர்ந்தால் சீல் கிகா ஓம் கணக்குக்கு ஏறுகிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. 1981-இல் அந்தக் குழு வெளியிட்ட கட்டுரை வகுத்த வழிகளில்தான் நாம் இன்றும் நடக்கிறோம். ஒரு கால்வாய் திறந்திருக்கும்போது பாயும் மின்னோட்டம் 1 பிகோ ஆம்பியர் அளவு, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 62 லட்சம் அயனிகள். சீல் தளர்ந்தால் அந்தச் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே சீல் உருவாவதைப் பார்த்துப் பழகுவதே இந்த முறையின் உயிர்நாடி. பிப்பெட்டுக்குள் சற்று அழுத்தம் கொடுத்துச் செல்லை நெருங்குகிறோம். செல்லின் மேற்பரப்பில் சிறு குழி விழுகிறது. அழுத்தத்தை விடுவித்து வாயால் இலேசாக உறிஞ்சியதும் திரையில் செவ்வகத் துடிப்பு சுருங்கிச் சுருங்கித் தட்டையாகிறது. இன்னொரு குறுகிய உறிஞ்சலில் சவ்வு உடைந்து முழுச்செல் நிலை வந்ததும் துடிப்பின் இரு ஓரங்களிலும் ஊசிபோல் மின்னேற்ற முனைகள் எழுகின்றன. அந்த முனை எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதை வைத்தே, இந்தச் செல்லிலிருந்து நம்பத்தக்க அளவீடு கிடைக்குமா என்று பழகியவர் சொல்லிவிடுவார்.

இந்தப் பழக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சாதாரணக் கணக்கைப் பாருங்கள். சோடியம் கால்வாயை நன்றாக வெளிப்படுத்தும் ஒரு செல்லில் 5 நானோ ஆம்பியர் மின்னோட்டம் உள்ளே பாய்கிறது, பிப்பெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான தொடர் மின்தடை 10 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 50 மில்லிவோல்ட். நீங்கள் −40 மில்லிவோல்ட் என்று கட்டளை கொடுத்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் சவ்வு உண்மையில் +10-இல் இருக்கும். அந்தத் தடையை 80 சதவீதம் ஈடுசெய்தாலும் 10 மில்லிவோல்ட் பிழை மிஞ்சும். கால்வாய் எந்த மின்னழுத்தத்தில் திறக்கத் தொடங்குகிறது என்று வரையும் கோடு இதனால் இடப்பக்கம் நகர்ந்து, இயல்புக்கு மாறாகச் செங்குத்தாகிவிடும். ஒரு மரபுப் பிறழ்வு கால்வாயின் திறப்பை 8 மில்லிவோல்ட் நகர்த்துகிறது என்று கட்டுரை எழுதுகிறோம். அதைவிடப் பெரிய பிழை நம் அளவீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். இதைவிடச் சிக்கலானது மின்னோட்டம் தானாகத் தேய்வது. முழுச்செல் நிலையில் செல்லின் உட்பொருள்கள் பிப்பெட்டுக்குள் கரைந்து போவதால் கால்சியம் மின்னோட்டம் நிமிடங்களில் குறையும். அதே நேரத்தில் மருந்தைச் சேர்த்தால், தேய்வையும் சேர்த்து மருந்தின் வேலை என்று கணக்கெழுதிவிடுவோம். மென்பொருள் இவற்றில் சிலவற்றைப் பிடிக்கும். சீல் இத்தனை மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்தக் குழியை நீக்கு, மின்னோட்டம் இவ்வளவுக்குக் குறைவாக இருந்தால் ஒதுக்கு என்று வரம்பு வைக்கலாம். ஆனால் அந்த வரம்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது ஒரு மனிதர். ரிக்கில் உட்கார்ந்து கெட்ட பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்க்காதவர் அந்த வரம்பை எதைக் கொண்டு வைப்பார்? கருவியோடு வந்த இயல்பான அமைப்பை அப்படியே விட்டுவிடுவார்.

தானியங்கிக் கருவியின் தகடு தனக்கே உரிய சமரசங்களோடு வருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிப்பெட் செல்லைத் தேடிப் போவதற்குப் பதிலாக, மிதக்கும் செல்கள் உறிஞ்சலில் துளைக்கு வந்து சேர்கின்றன. அதனால் செல்களைத் தட்டிலிருந்து பெயர்த்தெடுத்து ஒன்றொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரே கால்வாயை அடர்த்தியாக வெளிப்படுத்தும் வளர்ப்புச் செல்களுக்கு இது பொருந்தும். கிளைபரப்பி நிற்கும் நரம்பணுவுக்கும் மூளைச் சீவலுக்கும் பொருந்தாது. சீல் எளிதில் கிடைப்பதற்காக உட்கரைசலில் புளூரைடு சேர்ப்பது வழக்கம். வெளிக்கரைசலின் கால்சியத்தோடு சேர்ந்து அது துளையின் ஓரத்தில் சீலை இறுக்குகிறது. அதே புளூரைடு செல்லின் உள்ளே நொதிகளைத் தொந்தரவு செய்கிறது, சில கால்வாய்களின் மின்னழுத்தச் சார்பையும் நகர்த்துகிறது. பல ஓட்டங்கள் அறை வெப்பநிலையில் நடக்கின்றன. நெஞ்சின் பொட்டாசியம் கால்வாயான ஹெர்க்கை எரித்ரோமைசின் மருந்து தடுப்பதோ, அறை வெப்பநிலையில் இருப்பதைவிட உடல் வெப்பநிலையில் தெளிவாக அதிகம். நெய்ப்புத்தன்மை மிக்க மருந்துகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்வதால் செல்லைச் சேரும் செறிவு சீசாவில் எழுதிய செறிவாக இருப்பதில்லை. இவற்றில் எதுவும் கருவியை ஒதுக்கிவைக்கக் காரணமாகாது. ஒவ்வொன்றும், அந்த எண்ணை இன்னொரு முறையில் சரிபார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம்.

ஹெர்க் என்ற பெயரைச் சொன்னதும் உங்களில் மருந்துத் துறையில் இருப்பவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று தெரியும். தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் கோடிக்கணக்கானோர் விழுங்கிய டெர்ஃபினடின் மாத்திரை, கல்லீரலில் உடைக்கப்படாமல் இரத்தத்தில் தேங்கினால் இந்தக் கால்வாயை அடைத்து, நெஞ்சத் துடிப்பை உயிர்போகும் அளவுக்குக் குழப்பக்கூடியது. பூஞ்சைக்கான கீட்டோகோனசோலைக் கூடவே சாப்பிட்டவர்களுக்கு அதுவே நேர்ந்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து டெர்ஃபினடின் போனது, அதே ஆபத்துள்ள அஸ்டெமிசோல் மருந்து போனது, 2000-இல் சிசாப்ரைடும் போனது. 1995-இல் மைக்கேல் சாங்குனெட்டியும் சக ஆய்வாளர்களும் ஹெர்க் மரபணுவைத் தவளை முட்டையில் வெளிப்படுத்தி, நெஞ்சில் ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு மின்னோட்டத்தின் பிறப்பிடம் இதுவே என்று காட்டியிருக்காவிட்டால், இந்தச் சாவுகளின் காரணம் இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ. பின்னர், புதிய மருந்துகளை மனிதரிடம் கொண்டுவருமுன் ஹெர்க் சோதனை செய்வது வழக்கமாகிவிட்டது. மருந்து ஒழுங்குமுறைக்கான ஐ.சி.எச். அமைப்பு 2022-இல் வெளியிட்ட விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: உடல் வெப்பநிலைக்கு நெருங்கிய சூடு, சீலின் தரம், செல்லைச் சேர்ந்த மருந்தின் செறிவை நேரடியாக அளந்து உறுதிசெய்தல் என்று, ரிக்கில் உட்கார்ந்தவர்கள் எப்போதும் கவலைப்பட்ட அதே விஷயங்களைத்தான் அது வலியுறுத்துகிறது. ஒழுங்குமுறை கேட்பதைக் கூடத்தில் செய்துகாட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனால் அந்த விளக்கத்தை யார் நிறைவேற்றுவார்கள்?

கையால் செய்வது மெதுவானது என்பது உங்கள் முதல் எதிர்வாதம். அது உண்மை. தேர்ந்தவர் ஒருவர் நாள் முழுக்க உழைத்தாலும் பத்துப் பதினைந்து நல்ல செல்கள் கிடைத்தால் பெரிது. கருவி ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தாண்டிவிடும். நீர்மமின்றிச் சளி இறுகி நுரையீரலை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு 2012-இல் ஒப்புதல் பெற்ற ஐவாகாஃப்டர் மருந்து, ஒளிரும் சாயத்தைக் கொண்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்ததன் பயன். எந்தக் கையாலும் அந்தச் சல்லடையை ஓட்டியிருக்க முடியாது. நெஞ்சத் துடிப்புக் கோளாறுள்ள குடும்பங்களில் காணப்படும் நூற்றுக்கணக்கான மரபு மாற்றங்களில் எது தீங்கானது, எது தீங்கற்றது என்று பிரிக்கவும் தானியங்கிக் கருவியே வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சலிக்க வேண்டும் என்றால் எதைச் சலிப்பது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஐவாகாஃப்டர் கூட, சாயம் ஒளிர்ந்ததோடு நின்றுவிடவில்லை. பிறழ்ந்த கால்வாய் அதன் முன்னிலையில் கூடுதல் நேரம் திறந்திருக்கிறது என்று ஒற்றைக் கால்வாய்ப் பதிவில் காட்டிய பிறகே அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கியது.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த இடங்களைப் பாருங்கள். இயந்திர விசையை உணரும் கால்வாயைத் தேடிய ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவில் பெர்ட்ரான் கோஸ்ட் செய்தது என்ன? ஒரு பிப்பெட்டால் செல்லைப் பிடித்து முழுச்செல் மின்னோட்டத்தைப் பதிவு செய்துகொண்டே, முனை மழுங்கிய இன்னொரு பிப்பெட்டால் அதே செல்லைக் குத்தினார்கள். குத்தியதும் மின்னோட்டம் எழுந்தது. பிறகு 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, ஒவ்வொரு முறையும் செல்லைக் குத்திப் பார்த்து, எதை அடக்கினால் மின்னோட்டம் மறைகிறது என்று தேடினார்கள். 2010-இல் பியேசோ1 கால்வாய் கிடைத்தது, 2021-இல் பட்டபூட்டியனுக்கு நோபல் பரிசு வந்தது. ஒரு செல்லை இரண்டு பக்கமிருந்தும் பிப்பெட்டால் அணுகும் இந்தச் சோதனைக்கு அப்போது எந்தத் தகட்டிலும் இடமில்லை. எந்தக் கால்வாய் என்றே தெரியாதபோது தயார்நிலைச் சோதனையை யாரும் விற்கவும் முடியாது. கணையத்தின் பீட்டா செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் பிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட், செல்லோடு ஒட்டிய பிப்பெட்டில், குளுக்கோஸ் சேர்த்ததும் ஒரு பொட்டாசியம் கால்வாய் மூடிக்கொள்வதைப் பார்த்தார். இன்சுலின் சுரப்பின் முக்கியக் கண்ணி அது. இருபது ஆண்டு கழித்து, பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு கண்ட குழந்தைகள் பலருக்கு அந்தக் கால்வாயிலேயே பிறழ்வு இருக்கிறது என்று 2004-இல் தெரிந்தது. அந்தக் கால்வாயை மூடும் மாத்திரையோ, பெரியவர்களின் சர்க்கரை நோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்த பழைய சல்ஃபோனைல்யூரியா. 2006-இல் வெளியான ஆய்வில், இன்சுலின் ஊசியை நம்பியிருந்த 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது. ஒரு குழந்தைக்குத் தினமும் பல முறை ஊசி போட்டுவந்த தாய்க்கு இது என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த ஆறுதலின் வேர், ஒருவர் தன் கையால் பிடித்த ஒற்றைச் செல்லில் இருக்கிறது.

இப்போதெல்லாம் கிரையோ மின்னணு நுண்ணோக்கி இருக்கிறது, கணினியே புரத வடிவத்தைக் கணித்துத் தருகிறது, இனி மின்னோட்டத்தை எதற்கு அளக்க வேண்டும் என்றும் சிலர் கேட்கிறீர்கள். 2013-இல் மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 கால்வாயின் வடிவம் அணுக்களின் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தபோது இத்துறையில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் உறைந்த அந்தப் படத்தில் சவ்வுக்கு இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு இல்லை. மின்னழுத்தத்தால் திறக்கும் கால்வாய்களையும் இத்தகைய படங்களில் பெரும்பாலும் மின்னழுத்தமே இல்லாத நிலையில்தான் பார்க்கிறோம். படத்தில் உள்ள வடிவம் திறந்த நிலையா, மூடிய நிலையா, செயலிழந்த நிலையா என்று சொல்ல, மின்னோட்டப் பதிவிடமே திரும்பி வர வேண்டியிருக்கிறது. வடிவங்கள் பெருகப் பெருக அவற்றைச் சோதிக்கும் பதிவுகளும் அதிகம் தேவைப்படுகின்றன. நரம்பணுக்களை மரபணு வாசிப்பால் வகைப்படுத்தும் பணியிலும் இதே கதை. சியாட்டிலின் ஆலன் நிறுவனம் 2020-இல் எலியின் பார்வைப் புறணியிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட நரம்பணுக்களின் மின் நடத்தையையும் மரபணு வெளிப்பாட்டையும் சேர்த்து வெளியிட்டது. ஒவ்வொரு செல்லிலும் பிப்பெட் வைத்துப் பதிவு செய்து, அதே பிப்பெட்டால் உட்பொருளை உறிஞ்சியெடுத்தே அது சாத்தியமானது.

நான் மிகவும் மதிக்கும் எதிர்வாதம் வேறு. கையால் செய்பவர் தனக்குப் பிடித்த செல்லைத் தேர்ந்தெடுக்கிறார், எதிர்பார்ப்புக்கு ஒத்த பதிவை வைத்துக்கொண்டு ஒவ்வாததை ‘சீல் சரியில்லை’ என்று தள்ளிவிடுகிறார், கருவிக்கு அந்த ஆசை கிடையாது என்பது அது. இதை மறுக்க முடியாது. நம் துறையின் பழைய கட்டுரைகள் சில இதனால்தான் மீண்டும் நிரூபிக்க முடியாமல் கிடக்கின்றன. ஆனால் இதற்கு மருந்து, கையை ஒதுக்குவதல்ல. எந்தச் செல்லை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதியைச் சோதனைக்கு முன்பே எழுதிவைப்பது, மருந்து எது கரைப்பான் எது என்று பதிவு செய்பவருக்குத் தெரியாமல் குறியிட்டுக் கொடுப்பது, தள்ளிய செல்களின் பதிவையும் சேமித்துவைப்பது ஆகிய மூன்றும் எந்தக் கூடத்திலும் செலவில்லாமல் செய்யக்கூடியவை. கருவியிலும் தேர்வு நடக்கிறது, வடிகட்டியின் வரம்புக்குள் மறைந்து நடக்கிறது. 384 குழியில் பாதியை மென்பொருள் நீக்கிவிட்டு மீதியின் சராசரியைத் தரும்போது, நீக்கியது எதற்காக என்று யாரும் கேட்பதில்லை.

செலவு பற்றிய வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பெரிய தானியங்கிக் கருவியின் விலையில் பல ரிக்குகளை அமைக்கலாம். கருவிக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய தகடு வேண்டும். அதைச் செய்பவை ஒரு சில வெளிநாட்டு நிறுவனங்கள்தான். ரிக்குக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய் ஒரு கட்டு மாதக்கணக்கில் வரும். மாணவரின் காலம் வீணாகிறது என்பதே உண்மையான தயக்கம். முதல் கிகாசீல் கிடைக்க வாரங்கள் ஆகும், நம்பத்தக்க பதிவு எடுக்க ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், அதுவரை மதிப்பீட்டுக் குழுவிடம் காட்ட எதுவும் இருக்காது. இந்தச் சுமையை மாணவர் தலையில் மட்டும் ஏற்றியவர்கள் நாம்தான். கட்டுரை எண்ணிக்கையை வைத்து முன்னேற்றத்தை அளக்கும் ஏற்பாட்டில், கைத்திறன் கற்கும் மாதங்கள் சோம்பலாகவே தெரியும். அந்த ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, மாணவரிடம் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். தானியங்கிக் கருவியை வாங்குங்கள், கூடவே குறைந்தது ஒரு ரிக்கை இயங்கும் நிலையில் வைத்திருங்கள். அதன் பராமரிப்பை அதே விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். நிதிக் குழுவில் இருப்பவர்கள், அந்த வரி இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி ஏன் இல்லை என்று கேளுங்கள். ஆராய்ச்சியில் சேரும் மாணவருக்கு முதல் ஆண்டில் ரிக்கில் உட்காரும் காலத்தைப் பயிற்சியாகவே கணக்கிடுங்கள். கைதேர்ந்த மூத்தவர் கூடத்தில் இருக்கும்போதே அவர் பக்கத்தில் இரண்டு பேரை உட்காரவையுங்கள். அவர் ஓய்வு பெறும் மாதத்தில் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். கருவியிலிருந்து வரும் முக்கியமான முடிவு எதையும், ஒரு சில செல்களிலாவது, உடல் வெப்பநிலையில், புளூரைடு இல்லாத கரைசலில், கையால் சரிபார்த்த பிறகே வெளியிடுங்கள். வெளியிடும்போது வளைகோட்டோடு நிறுத்தாமல் தொடர் மின்தடையையும் எவ்வளவு ஈடுசெய்தீர்கள் என்பதையும் எழுதி, மூலப் பதிவுகளைத் தள்ளியவற்றோடு சேர்த்து எல்லோரும் திறந்து பார்க்கும்படி வையுங்கள். உங்கள் கூடத்தில் ரிக் ஏற்கெனவே கிடங்குக்குப் போயிருந்தால், அதை இயக்கத் தெரிந்தவர் இன்னும் தொலைபேசியில் கிடைக்கும் தூரத்தில் இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.